அத்தை மகள் கையெழுத்துப் போட்ட திங்கட்கிழமை

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் போட்டுத் திட்டுவாள். அதற்குப் பயந்து மட்டுமில்லை. அத்தனை வருடம் டெல்லியில் உட்கார்ந்து அவள் எழுதிய காகிதம் எதிலும் அவள் பெயர் கிடையாது. வங்கிக்கு எப்படி வரி, நிதிக் கம்பெனிக்கு எப்படி வரி, கடன் பத்திரத்துக்கு எப்படி, எதற்கெல்லாம் கூடாது என்று சர்க்காருக்குச் சட்ட வாசகம் எழுதிக்கொடுப்பது அவள் வேலை. அச்சாகி வரும்போது அடியில் வேறு யாரோ கையெழுத்துப் போட்டிருப்பார்கள். "அதுல என்ன? வாசகம் சரியா இருந்தாப் போதும்" என்பாள்.

உட்கார்ந்து எழுதினாள் என்று சொன்னேன் பாருங்கள், அதுவே தப்பு. அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீடு முன்கட்டிலிருந்து கிணற்றடி வரை ஒரே நீளம். லீவில் வந்தால் அந்த நீளத்தில் போவதும் வருவதுமாக இருப்பாள். கையில் காப்பி டம்ளர், கொண்டையில் பென்சில். பேசிக்கொண்டே நடப்பாள். பாதி வாக்கியம் நம்மிடம் இருக்கும், மீதி கிணற்றடிக்குப் போய்விடும். கேட்க வேண்டுமென்றால் நாமும் எழுந்து பின்னால் ஓட வேண்டும். "செத்த நேரம் ஒரு எடத்துல நில்லேன்டி, எனக்குத் தலை சுத்துது" என்று அத்தை அடுப்படியிலிருந்து கத்துவாள்.

எனக்கு அத்தை மகள். ஆறு மாதம் மூத்தவள். அந்த ஆறு மாதம்தான் குறுக்கே நின்றது, இல்லாவிட்டால் கட்டிவைத்திருப்பார்கள். "தப்பிச்சது யாருங்கதுதான் தெரியலை" என்று என் மனைவி சொல்வாள். கட்டியிருக்க வேண்டியவளை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடவும் செய்வாள். இரண்டு பேருக்கும் அப்படி ஒரு ஒட்டு. நான் பக்கத்தில் இருந்தால் மட்டும் இரண்டு பேருக்கும் என்னைக் கிண்டல் பண்ணுவதுதான் வேலை.

எண்பதுகளின் நடுவில் ஒரு லீவுக்கு ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மனைவி முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "அக்கா, நீங்க என்ன வேலைதான் பாக்கிய? வக்கீல்ங்காக, கோர்ட்டுக்குப் போறதில்லைங்காக" என்று கேட்டுவிட்டாள். அவள் அடுப்படிக்கும் வாசலுக்குமாக இரண்டு நடை நடந்தாள்.

"பக்கத்து வீட்டுல இருக்காகளே, அவிய வாடகையா?"

"இல்லக்கா, ஒத்தி. மொத்தமா ரூவாயைக் குடுத்துட்டு இருக்காக. வாடகை கிடையாது. காலி பண்ணும்போது குடுத்த ரூவாயை அப்படியே வாங்கிக்கிருவாக."

"வட்டி?"

"வட்டியும் கிடையாது."

"அப்ப ரூவாயைக் குடுத்தவுகளுக்கு என்ன லாபம்?"

என் மனைவி கீரையைக் கீழே வைத்தாள். "வாடகை குடுக்காம இருக்காகள்ல? அட, அதான வட்டி!"

"அம்புட்டுத்தான் என் வேலை. வட்டி சட்டையை மாத்திக்கிட்டு வீடா நிக்குது. டெல்லியில பெரிய பெரிய கம்பெனிக்காரன் தினம் ஒரு சட்டையில வாரான். இது வட்டி இல்ல, லாபம்ங்கான். இது கடன் இல்ல, வாடகைங்கான். உள்ள நிக்குற ஆளு யாருன்னு பாத்துச் சொல்லணும். ஆளைத் தெரிஞ்சுக்கிட்டா வரி போடலாமா கூடாதான்னு தெரிஞ்சுபோகும்."

அன்றைக்கு என் மனைவிக்கு விளங்கியது எனக்கு விளங்க ஒரு வாரமானது. இத்தனைக்கும் நான் நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன்.

இப்படி உலகத்தில் உள்ளதையெல்லாம் பேசுவாள். மாவு புளித்ததற்குக் காரணம் சொல்வாள், கல்யாணப் பத்திரிகையை வாங்கிப் பென்சிலால் திருத்துவாள். ஆனால் அவள் மேஜையில் அந்த நேரத்தில் என்ன காகிதம் இருக்கிறது என்று கேட்டால் போச்சு. கல்லுளிமங்கி. "மழை உண்டா அங்க?" என்பாள். பட்ஜெட் வருகிற மாதத்தில் ஊர்ப்பக்கமே வரமாட்டாள். அத்தைக்குக் கடிதம் போடுவதைக்கூட அப்போது நிறுத்திவிடுவாள்.

ஒரு தடவை வத்திராயிருப்புக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் பஸ்ஸில் போனோம். நானும் அவளும் அத்தையும். ஊர்ப் பெரிய ஆடிட்டர் ஒருவர் அதே பஸ்ஸில் வந்தார். சும்மா ஏறினாரோ, தெரிந்தே ஏறினாரோ. அவளும் பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வந்தாள், இடம் இருந்தும். அவர் எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். "அம்மா, இந்த லீசிங் கம்பெனிகளுக்கு ஏதோ வரப்போகுதாமே" என்று ஆரம்பித்தார். அவள் கண்டக்டரைப் பார்த்து, "நிறுத்துங்க, எறங்கணும்" என்றாள். இரண்டு மைல் முன்னால். உச்சி வெயில். அத்தை பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழி நெடுக அவளை ஏசிக்கொண்டே வந்தாள். "வாயை மூடிக்கிட்டு இருந்தாப் போதாதாட்டி? எதுக்கு எறங்கணும்?"

"நான் வாயை மூடுறதையும் அந்த ஆளு படிப்பாரும்மா. எங்க சிரிச்சேன், எங்க முழிச்சேன்னு பாத்துக்கிட்டே வருவாரு."

மிகைப்படுத்துகிறாள் என்று அப்போது நினைத்தேன். ஊர் உண்மையிலேயே அவளைப் படித்துக்கொண்டுதான் இருந்தது. அவளிடம் ஒன்றும் கிடைக்காததால் அத்தையைப் படித்தார்கள். ஒரு தடவை பக்கத்து வீட்டுப் பிள்ளை பிறந்ததற்கு அத்தை ஒரு சின்ன மோதிரம் வாங்கினாள். மறுநாள் அந்தத் தெருவில் மூன்று வீட்டில் தங்கம் வாங்கினார்கள். டெல்லியிலிருந்து தகவல் வந்திருக்கும் என்று நினைப்பு. கேட்டபோது விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அத்தையிடம் போய், "இனிமே எதுவும் வாங்குறதுன்னா நான் டெல்லிக்குப் போன பொறவு வாங்கு" என்றாள். அத்தை, "நான் கத்திரிக்காய் வாங்குறதுக்குமா உங்க சர்க்கார்கிட்ட கேக்கணும்?" என்று கோபித்துக்கொண்டாள்.

சரி, எங்கள் ஃபண்டுக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.

ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரிகள் நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பித்த நிதி அது. பங்கு வாங்கியவர்கள்தான் பணம் போடலாம், அவர்களுக்குத்தான் நகைக்கடன். மில் தொழிலாளிகள், சின்னக் கடைக்காரர்கள், விதவைகள், வாத்தியார்கள். நான் அதற்குச் செக்ரட்டரி. அத்தை வீட்டு மாமா இருந்தபோது அவள் பேரில் கொஞ்சம் பங்கு வாங்கிவைத்தார். பிறகு அவளும் தன் முதல் சம்பளத்திலிருந்து கொஞ்சம் சேர்த்தாள்.

எங்கள் ஃபண்டில் ஒரு வழக்கம் இருந்தது. பங்கை ஒப்படைத்துவிட்டு வெளியேறுகிறவர் நேரில் வந்து செக்ரட்டரி முன்னால் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலை அவர் பெயரை வாசல் போர்டில் எழுதிப் போடுவோம். அவர் யாருக்காவது ஜாமீன் நின்றிருந்தால் சம்பந்தப்பட்டவர்கள் வந்து சொல்ல ஏழு நாள் அவகாசம். ஏழு நாள் கழித்துத்தான் பணம். டெபாசிட் அப்படியில்லை. டெபாசிட்டை எப்போது வேண்டுமானாலும் முடித்து அன்றைக்கே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரண்டுக்கும் ஒரே நோட்டுதான், தேதிவாரியாக.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் டெல்லியிலிருந்து வந்திறங்கி, நேராக ஃபண்டுக்கு வந்து நின்றாள். பதினொரு மணி இருக்கும். "பங்கு முழுசையும் திருப்பிக் குடுக்கணும். நோட்டை எடு" என்றாள்.

நான் நோட்டை எடுக்கவில்லை. "என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணும் இல்ல."

"ஏதாவது வருதா? நம்மள மாதிரி ஃபண்டுக்கு வரி கிரி ஏதும்?"

"கேக்காதலே."

என் மேஜைக்கும் காஷியர் கூண்டுக்கும் நடந்தாள். போனாள், வந்தாள். பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "போர்டுல போட்டுத்தான் ஆகணுமா?"

ஒரு ரூலை வளைக்க முடியுமா என்று அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் நினைத்திருந்தால் ஃபண்டுத் தலைவரிடம் சொல்லிப் போர்டில் போடாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு ஆத்திரம். சொந்த மாமா மகன் நான், என் பிழைப்பே இந்த ஃபண்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டாளாம். "நீ எழுதுறது மட்டும்தான் ரூலா? எங்களுக்கும் ரூல் உண்டு" என்றேன்.

"சரிதான். ரூல்னா போடு" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நின்றுகொண்டேதான்.

மத்தியானம் சாப்பிடப் போனவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மனைவி துருவிக் கேட்டாள், சொன்னேன். அவள், "அக்கா காரணமில்லாம செய்ய மாட்டாக" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். எடு என்று அவள் சொல்லவில்லை. இதை அவளுக்காக எழுதிவைக்கிறேன். என் மகள் கல்யாணத்துக்கென்று ஃபண்டில் ஒரு டெபாசிட் இருந்தது. மூன்று மணிக்குத் திரும்பிப் போய் அந்த டெபாசிட்டை முடித்தேன். நோட்டில் அவள் கையெழுத்துக்கு நேர் கீழே என் கையெழுத்து. கடைசிக் கட்டத்தில் 'பணம் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி அன்றைய தேதியும் போட்டேன். அவள் வரியில் அந்தக் கட்டம் காலி, ஏழு நாள் ஆக வேண்டுமே.

காஷியர் பணத்தை எண்ணிக் கொடுத்தார், என் முகத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு அவருடைய மாமியார் டெபாசிட் ரசீதோடு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை போர்டில் அவள் பெயரை என் கையாலேயே எழுதிப் போட்டேன். பத்து மணிக்கு ஆறு பேர் நின்றார்கள். புதன்கிழமை வரிசை தெருமுனை திரும்பிவிட்டது. "டெல்லிக்காரியே எடுத்துட்டா, நமக்கென்ன கேடு" என்பதுதான் பேச்சு. ஃபண்டில் குறை ஒன்றும் கிடையாது. பணம் நகைக்கடனில் வெளியே இருந்தது. கல்லாவில் இருப்பது எல்லாருக்கும் ஒரே நாளில் எப்படிப் போதும்? எந்த ஃபண்டிலும் போதாது. இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? நான் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன், பணம் பத்திரம், பதற வேண்டாம் என்று. என் பையில் என் பணம் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது.

எங்கள் தலைவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வயதானவர், பஞ்சுக் கமிஷன் மண்டி வைத்திருந்தார். "ஏமய்யா செக்ரட்டரி, உங்க அத்தை மக வந்து ஒரு வார்த்தை சொன்னா கூட்டம் கலைஞ்சிடும். போய்க் கூட்டிட்டு வா" என்று தன் காரையே கொடுத்தனுப்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனபோது மத்தியானம். அத்தை வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவள் கிணற்றடிக்கும் முன்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். நான் பின்னாலேயே நடந்துகொண்டுதான் கெஞ்சினேன்.

"ஃபண்டு நல்லாத்தான் இருக்கு, சொந்தக் காரணத்துக்காக எடுத்தேன்னு ஒரே ஒரு வாக்கியம். எழுதக்கூட வேண்டாம். வாசல்ல நின்னு சொல்லு."

"என்ன சொந்தக் காரணம்?"

"ஏதாவது. வீடு வாங்குதேன்னு சொல்லு."

"வாங்கலையே."

"அம்மாவுக்கு வைத்தியம்னு சொல்லு."

"அம்மா கல்லு மாதிரி இருக்கா."

"அப்ப உண்மையைச் சொல்லு!"

நின்றாள். "நான் நல்லா இருக்குன்னு சொன்னா அது நான் சொன்னதா இருக்காதுலே. டெல்லி சொன்னதா ஆயிரும். நாளைக்கு இன்னொரு ஊர்க்காரன் தன் ஃபண்டைப் பத்திக் கேப்பான். அப்ப நான் சும்மா இருந்தா அது மோசம்னு ஆயிரும். இன்னைக்கு இதுக்கு வாயைத் தொறந்தேன்னா, பொறவு நான் வாயை மூடுற நேரமெல்லாம் எவனாவது ஒருத்தன் சாவான்."

"ஏட்டி, இன்னைக்குச் சாகுறது நாங்கடி!"

அவள் முகம் கோணியது. அழுதுவிடுவாள் என்றே நினைத்தேன். திரும்பிக் கிணற்றடிக்குப் போனாள், வந்தாள். வந்தவள் வேறொன்று கேட்டாள். "போர்டுல என் பேரு நேத்துக் காலையிலதான ஏறுச்சு? பத்து மணிக்கே ஆளு வந்துட்டாகன்னு அம்மா சொல்றா. அம்புட்டு வெரசா எப்படி? முந்தின நாளே வேற யாரும் எடுத்தாகளா?"

"தெரியாது" என்றேன்.

தெரியாது என்றேன். நோட்டு என் மேஜையில், சாவி என் இடுப்பில்.

வெள்ளிக்கிழமை டைரக்டர்கள் கூடி, இனி ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவுதான் என்று நிறுத்திவிட்டார்கள். அன்று காலை சோழபுரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அத்தை வீட்டு மாமாவுக்குத் தூரத்துச் சொந்தம். ஓய்வுப் பணம் மொத்தத்தையும் எங்களிடம் போட்டுவிட்டு, அதை நம்பி வீடு கட்ட ஆரம்பித்திருந்தார். வியாழக்கிழமை வந்திருந்தால் கிடைத்திருக்கும். அன்றைக்கு அவருக்குச் செங்கல் லாரி வந்துவிட்டதாம். "எங்களை மாதிரி ஆளுக்கெல்லாம் எங்க தெரியுது? டெல்லிக்காரி மொதல்ல எடுத்துட்டுப் போயிட்டா" என்று படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீடு ஜன்னல் உயரத்தோடு நின்றுபோனது. பஸ்ஸில் சோழபுரம் தாண்டும்போதெல்லாம் கண்ணில் படும். நான் அந்தப் பக்கம் உட்காருவதை விட்டுவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஏழு நாள் முடிந்தது. அவள் வந்தாள். வாசலில் இருந்த கூட்டம் சும்மா விடுமா? ஒருத்தி குனிந்து மண்ணை வாரித் தூற்றினாள். தலையில் மண்ணோடு உள்ளே வந்து, "நோட்டை எடு" என்றாள்.

"குடுக்க ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமையே நிறுத்தியாச்சு. உனக்கும் மாசாமாசம்தான் வரும்."

"மாசாமாசம் வந்தா எனக்கு இந்த ஃபண்டு கடன்பட்டிருக்குன்னு ஆகும். அது கூடாது." கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தாள், பிறகு வைத்துவிட்டு என் பேனாவை வாங்கினாள். தன் வரியில் காலியாக இருந்த கடைசிக் கட்டத்தில், 'எனக்கு வர வேண்டியதை முழுவதும் விட்டுக்கொடுத்தேன், இனி எந்த உரிமையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அப்பா வாங்கிவைத்தது, முதல் சம்பளம், எல்லாம் ஒரு வரியில் போயிற்று.

எழுதி முடித்ததும் படித்துப் பார்த்தாள். எதையும் கடைசி வரி வரை படிக்கிறவள் அவள். கண் கீழே இறங்கியது. அடுத்த வரியில் நின்றது. அதே திங்கட்கிழமை, என் மகள் பெயர், என் கையெழுத்து, பணம் பெற்றுக்கொண்டேன்.

அவள் நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். "லீவு முடிஞ்சுட்டு. நாளைக்குப் போறேன்" என்றாள். ஏதாவது திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் சல்லிக்காசு வாங்கவில்லை என்று நான் ஊரில் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? சொன்னால் நோட்டைக் காட்டு என்பார்கள். காட்டினால் அடுத்த வரியையும் பார்ப்பார்கள். அதனால் சொல்லவில்லை. காஷியருக்குத் தெரியும், ஆனால் அவருக்கும் மாமியார் இருந்தார். ஃபண்டு மூன்று வருடம் இழுத்து இழுத்து எல்லாருக்கும் அசலைக் கொடுத்துவிட்டு மூடியது. வட்டி போயிற்று. நான் தலைவரின் மண்டியிலேயே கணக்கெழுதப் போனேன். மகள் கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் குறைவில்லாமல் நடந்தது. அதற்கு அவள் வரவில்லை, மொய் மட்டும் தபாலில் வந்தது.

எங்களைப் போன்ற ஃபண்டுகளுக்குப் புது வரி எதுவும் வரவில்லை. கடைசி வரை வரவில்லை. அதைத் தடுத்த வாசகத்தை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, அவளைக் கேட்டேன், மழை உண்டா என்றாள். என் மனைவியிடம் மட்டும் ஒருநாள் கதை மாதிரிச் சொன்னாளாம். "ஒரு ஆபீசர்னு வச்சுக்க. அவ மேஜைக்கு ஒரு காகிதம் வருது. அந்தக் காகிதத்துல பேசுற சொத்துல அவளுக்கு ஒரு துளி பங்கு இருக்கு. ஒண்ணு காகிதத்தை அடுத்த ஆளுகிட்டக் குடுத்துரணும், இல்ல பங்கை விட்டுரணும். அடுத்த ஆளு எப்படி எழுதுவாருன்னு அவளுக்குத் தெரியும். அவரு ஏழைபாழை ஃபண்டு, பெரிய கம்பெனின்னு பாக்கவே மாட்டாரு. அப்ப அவ எதை விடணும்?" என் மனைவி, "பங்கைத்தான்" என்றாளாம். "அவளும் அப்படித்தான் நெனச்சா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாளாம். எங்களைக் காப்பாற்றத்தான் வெளியேறினாள் என்று என் மனைவி அன்றைக்கு என்னைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அந்தத் திங்கட்கிழமை மூன்று மணிக்குச் செய்ததை அவளிடமும் அதுவரை சொல்லவில்லை. தவணை முடிந்து வந்த பணம் என்றே அவளுக்குச் சொல்லியிருந்தேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அத்தை செத்துப்போனாள். பதினாறாம் நாள் சாப்பாடு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில். பிறந்த வீட்டுப் பிள்ளை என்று நான்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றேன். ஊரில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களும் அத்தைக்காக வந்தோம் என்பதைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பந்தியில் சோழபுரத்து ஃபிட்டர் பெரியவரும் உட்கார்ந்திருந்தார். தளர்ந்திருந்தார்.

நான் ரச வாளியோடு ஒரு பக்கம் வர, அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் இலைக்கு வந்ததும் அவர் இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. உங்க அம்மாவுக்காக வந்தேன். மொதல்ல எடுத்துட்டுப் போனவ கையால எனக்கு எறங்காது" என்று எழுந்துவிட்டார்.

பந்தி முழுக்கக் கை நின்றது. என் மனைவி அடுப்படி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஒரே வாக்கியம்தான். மாமா, முதலில் எடுத்தது அவள் இல்லை, நான். வாய் வரை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது. அத்தை மகளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, எனக்காகக் காத்திருந்தாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு பாயசக் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"பெரியப்பா, பசியோட எந்திரிக்காதீக. என் கையால வேண்டாம். இந்தா இவன் பரிமாறுவான், இவன் கையால சாப்பிடுங்க."

பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் இளகியது. "நீ போடுலே. அந்தக் கூட்டத்துக்கு நடுவுல தொண்டை கிழியக் கத்திக்கிட்டு நின்னவன் நீ. நாணயமானவன். உனக்காகச் சாப்பிடுதேன்" என்றார்.

உட்கார்ந்தார். இலையிலிருந்து கையை எடுத்து, சோற்றில் குழி பறித்தார். நான் குனிந்து ரசத்தை ஊற்றினேன்.